கூட வருவதற்கு ஓர் ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டுக் கொத்தடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்களுக்கும், காவலில் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கும் சட்ட உதவி செய்யத் தன்னார்வலர்கள் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் சென்ற வாரம் ஒரு சிறு செய்தி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவிலேயே மூன்று பேர் என்னைத் தேடி வந்து, தாங்களும் சேரலாமா, சட்டம் படித்திருக்க வேண்டுமா, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் கேட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதினால் மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இக்கடிதம். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். 28 ஆண்டுகள் பிறர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவளுக்குத் தானாக ஒன்றைச் சொல்ல இடம் கிடைத்தால் நிறுத்துவது எளிதாக இல்லை.

நான் நீதிமன்றத் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சாட்சி கூண்டில் நின்று சொல்வதைக் கேட்டு நீதிபதி வாசகமாக்கிச் சொல்ல, அதைத் தாளில் ஏற்றுவதுதான் என் வேலை. அந்த நாட்களில் கொத்தடிமை வழக்கு ஒன்றில் ஒரு பெண் சாட்சி சொல்ல வந்தார். (அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் இக்கடிதத்தில் சொல்லும் வழக்குகள் எல்லாவற்றிலும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், கணவனும் இரண்டு பிள்ளைகளுமாகச் சமவெளியில் உள்ள செங்கல் சூளை ஒன்றுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள். சொந்தத்தில் ஒரு சாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டதற்காகக் கணவனை, அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்வதானால், ‘கல்லு வண்டியில கட்டி வெச்சு, பிள்ளைங்க பாக்க அடிச்சாங்க’. அன்றைக்கு என் கையால் தாளில் ஏறிய வாசகம், ‘எதிரிகள் என் கணவரைத் தாக்கினார்கள்’ என்பது. (நீதிமன்ற மொழியில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) வண்டியும் போயிற்று, கட்டி வைத்ததும் போயிற்று, பிள்ளைகளும் போய்விட்டார்கள். நீதிபதியைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு சாட்சிகளைப் பதிவு செய்ய வேண்டியவர் அவர். ஆனால் மேல்முறையீட்டுக்குப் போகும்போது அந்தப் பெண் கூடவே போவதில்லை. அந்தத் தாள் மட்டும்தான் போகிறது.

சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவர் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ‘படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்ற வரியை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது நடந்த வேகத்தையும் நான் அறிவேன். அந்த நேரத்தில் ‘ஐயா, வண்டியில கட்டி வெச்சதை எழுதலீங்க’ என்று சொல்லலாம், சொன்னால் திருத்துவார்கள் என்பதை அந்தப் பெண்ணுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. எனக்குத் தெரியும், ஆனால் நான் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் அரசு ஊழியராக உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டே நான் தன்னார்வலராகப் பெயர் கொடுத்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

தன்னார்வலர் என்றதும் கறுப்பு அங்கி போட்டு வாதாடுவதைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். வாதாடுவதற்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், அதன் 12-ஆவது பிரிவில், ஆள் கடத்தலுக்கும் கட்டாய வேலைக்கும் உள்ளானவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. இதற்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனு கொடுக்கலாம். இல்லாதது வேறு. மலையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தியோடு கடந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, அத்தனை கட்டடங்களில் தன் வழக்கு எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் என்று தெரியாமல் மர நிழலில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, மாடியில் டவாலி (நீதிமன்றச் சேவகர்) தன் பெயரை மூன்று முறை கூப்பிட்டது காதில் விழாது. ‘அழைத்தும் ஆஜராகவில்லை’ என்று குறிப்பு எழுதப்படும். இரண்டு முறை அப்படி ஆனால் பாதிக்கப்பட்டவர் பெயரிலேயே பிடிவாரண்டு வரும். அந்த வாரண்டை எடுத்துக்கொண்டு ஊருக்குள் காவலர் வரும்போது, குற்றம் செய்தவர் யார் என்பதில் ஊரே குழம்பிப்போகும்.

அந்த மரத்தடியில் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். இதுதான் வேலை. காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்று அழைத்து வருவது, பெஞ்ச் கிளார்க்கிடம் சென்று ‘அ.சா. 1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) வந்திருக்கிறார்’ என்று சொல்லி வைப்பது, குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்வது, எதிரிகளின் ஆட்கள் நடமாடும் தாழ்வாரத்தைத் தவிர்த்து வேறு இடத்தில் உட்கார வைப்பது, சாப்பிட வைப்பது, வழக்கு வாய்தா போடப்பட்டால் அடுத்த தேதியை எழுத்தில் மட்டும் கொடுக்காமல் அவருக்கு நினைவில் நிற்கும் வகையில் சொல்லி அனுப்புவது. இதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. பொறுமை தேவை, அதைவிட முக்கியமாக, வழக்கு முடியும்வரை அதே ஆள் வருவது தேவை. முதல் மாதம் உற்சாகமாக வந்துவிட்டு மூன்றாவது வாய்தாவில் காணாமல் போகிறவர் வராமலே இருந்திருக்கலாம். ஒருமுறை கைவிடப்பட்டவரை இன்னொருமுறை கைவிடுவதாகத்தான் அது முடிகிறது.

தேதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஏற்காட்டு மலை மக்களிடம் ‘எந்தத் தேதியில் சூளைக்குப் போனீர்கள்?’ என்று கேட்டால், ‘காப்பிப் பழம் பறிச்சு ஓய்ஞ்ச பிறகு’ என்பார்கள். எப்போது தப்பி வந்தீர்கள் என்றால், ‘சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னாடி’ என்பார்கள். இவை துல்லியமான பதில்கள். பழம் பறிப்பு எப்போது ஓய்கிறது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். திருவிழா மே மாதத்தில் வரும். ஆனால் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுகிறவர் தன் வசதிக்கு ‘பிப்ரவரி 3’ என்று ஒரு தேதியைப் போட்டுவிடுகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்தத் தேதியை வைத்துக்கொண்டு, அன்றைக்கு நீங்கள் ரேஷன் கடையில் அரிசி வாங்கியிருக்கிறீர்களே என்று கேட்கிறார்கள். சாட்சி விழிக்கிறார். சித்திரவதை பட்டவர்களின் நினைவில் நாள்களும் வரிசையும் கலைந்திருப்பது இயல்பு. அடி விழுந்த இடம், அங்கே வந்த வாடை, அடித்தவன் கட்டியிருந்த கைக்கடிகாரம் எல்லாம் அப்படியே இருக்கும். அது செவ்வாய்க்கிழமையா வெள்ளிக்கிழமையா என்பது இருக்காது. ஆகவே முதல் வாக்குமூலம் எழுதும்போதே, அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள், ‘காப்பிப் பழம் பறிப்பு முடிந்த பிறகு’ என்றே எழுதுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளக் கூடவே ஒருவர் இருந்தால், பின்னால் வரும் பாதிச் சிக்கல் வராது. நான் கேட்டிருக்கிறேன். சில அதிகாரிகள் முறைத்தார்கள், பெரும்பாலோர் எழுதினார்கள்.

தமிழில் பதிவாகும் குறுக்கு விசாரணைக்கு ஒரு நடை உண்டு. ‘நான் முன்பணம் வாங்கினேன் என்றால் சரிதான். நான் விருப்பப்பட்டுத்தான் வேலைக்குச் சென்றேன் என்றால் சரியல்ல. சூளையில் வேறு வேலைக்கும் ஆட்கள் வெளியே போய் வந்தார்கள் என்றால் சரிதான்.’ இப்படி ‘சரிதான்’, ‘சரியல்ல’ என்று பக்கம் பக்கமாகப் போகும். மலையிலிருந்து வந்தவருக்கு எதிரில் நிற்பவர் கேட்கிறாரா, சொல்கிறாரா என்பதே புரிவதில்லை. படித்த பெரியவர் சொல்கிறாரே என்ற மரியாதையில் ‘ஆமாங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். வழக்கைப் பற்றி எதுவும் பேசாமல், சாட்சிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுக்காமல் (அது குற்றம், வழக்கையும் கெடுக்கும்), கேள்வி புரியவில்லை என்றால் ‘புரியலீங்க’ என்று சொல்லலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், தண்ணீர் கேட்கலாம் என்பதை மட்டும் காலியான நீதிமன்ற அறை ஒன்றைக் காட்டி விளக்கினால் போதும். கூண்டு எங்கே, நீதிபதி எங்கே, எதிரிகள் எங்கே நிற்பார்கள் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டவர்களின் குரலில் மறுநாள் எவ்வளவு மாற்றம் இருக்கிறது என்பதைத் தட்டச்சு செய்த காதால் சொல்கிறேன்.

முன்பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டால் வழக்கு தோற்றுவிடும் என்று பாதிக்கப்பட்டவர்களே நினைக்கிறார்கள். சில தன்னார்வலர்களும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் பேசுவதே அந்த முன்பணத்தைப் பற்றித்தான். அந்தக் கடனைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பை அச்சட்டம் அழித்துவிட்டது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று காட்டும் சுமையைக் கடன் கொடுத்தவர் மேல் வைத்திருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கும் வேலை அரசமைப்பின் 23-ஆவது உறுப்பு தடை செய்யும் கட்டாய வேலைதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், சொல்லிவிட்டது. அதேபோல, ஆள் கடத்தல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370-ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவும் தெளிவாகச் சொல்கின்றன. ‘தானாகத்தானே போனாய்?’ என்ற கேள்வி சட்டத்தில் செல்லாக்காசு. ஆனால் காவல் நிலையத்திலும், வட்டாட்சியர் அலுவலகத்திலும், ஏன், சொந்த ஊர்த் திண்ணையிலும் அந்தக் காசு இன்னும் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருக்கிறது.

1976 சட்டத்தின் கீழ் மட்டும் வழக்குப் போட்டால் அது பிணையில் விடக்கூடிய குற்றம். அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். சூளை முதலாளி மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆள் கடத்தல் பிரிவும், பாதிக்கப்பட்டவர் பழங்குடியினராகவும் எதிரி அப்படி அல்லாதவராகவும் இருந்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட வேண்டும். இங்கேதான் சாதிச் சான்றிதழ் குறுக்கே வருகிறது. பழங்குடிச் சான்றிதழ் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர். அதற்கு நடக்கும் நடை தனிக் கதை. மலைவாழ் மக்களில் பலரிடம் அது இருப்பதில்லை. இருந்தாலும் வேலைக்குப் போன இடத்தில் முதலாளியிடம் மாட்டிக்கொண்டிருக்கும். ஒரு சிறு சம்பவம்: வெளியூரிலிருந்து வந்த இளம் வழக்கறிஞர் ஒருவர், சான்றிதழில் ‘மலையாளி’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, மலையாளம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மனுப் போடத் தயாராகிவிட்டார். சேர்வராயன் மலையிலும் கல்வராயனிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான் என்று அவருக்குச் சொல்லி நிறுத்த வேண்டியதாயிற்று. நல்ல பிள்ளை, இன்று அவரே இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்ப்பதில் இன்னொரு பயன் உண்டு. நம் தன்னார்வலர்களில் பலருக்கும் அது தெரியாது. 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் விசாரணைக்கு வந்துபோகும் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் தர வேண்டும் என்கிறது. எதிரிக்குப் பிணை கொடுக்கும் முன் அவர்களைக் கேட்க வேண்டும் என்கிறது. தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் துணையைப் பெறுவது அவர்களின் உரிமை என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. ‘நீ யார் அம்மா கூட வந்து நிற்பதற்கு?’ என்று என்னை ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, இந்தப் பிரிவின் நகலைத்தான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைப் படித்துப் பார்த்த அவர் நாற்காலி போடச் சொன்னார். ஒன்றல்ல, இரண்டு நாற்காலிகள்.

பணம் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பின்னர் மறுவாழ்வுத் தொகையாக ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம் ரூபாயும் மத்திய அரசின் திட்டத்தில் உண்டு. ஆனால் எல்லாமே விடுவிப்புச் சான்றிதழ் என்ற ஒற்றைத் தாளில் தொங்குகிறது. மீட்கும் நாளிலேயே அது கையில் வராவிட்டால் பிறகு வாங்குவது பெரும்பாடு. முழுத் தொகை நீதிமன்ற நடைமுறையோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அது எப்போது வரும் என்று என்னாலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. ‘இரண்டு லட்சம் வரும்’ என்று ஒரு தன்னார்வலர் நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தையை நம்பி, மலைக் கிராமத்தில் ஒரு குடும்பம் வட்டிக்கு வாங்கி ஓடு மாற்றியது. அந்த வட்டியைக் கட்ட அடுத்த தையில் அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 9 அன்று அரசு அலுவலகங்களில் கொத்தடிமை முறை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். நல்லது. 1976-இல் அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த நாள் அது. உறுதிமொழிக்கு வலது கையை நீட்டியவர்களில் ஒருவராவது அன்று பிற்பகல் ஒரு சான்றிதழில் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

காவலில் நடக்கும் சித்திரவதை இதைவிடக் கடினமான பகுதி. இங்கே எதிரில் இருப்பது சீருடை. சாட்சியை நீதிமன்றத்துக்கு அழைத்து வருவதும் அதே சீருடை. கைதானவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தும்போது ‘போலீசார் அடித்தார்களா?’ என்று கேட்பது வழக்கம். கேட்கும்போது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அடித்தவரே நிற்பார். ‘இல்லீங்க’ என்ற பதிலை நான் எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். அவற்றில் பாதி பொய் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. கைதைப் பற்றி உறவினருக்குச் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே சொன்னது. காவல் நிலையங்கள் முழுவதும் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சொன்னது. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. சித்திரவதை என்ற குற்றத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், காயம், சட்டவிரோதக் காவல் என்று துண்டு துண்டாகத்தான் வழக்குப் போட வேண்டியிருக்கிறது.

இதில் தன்னார்வலர் செய்யக்கூடியது சிறியது, ஆனால் நேரம் தவறக் கூடாதது. வெளியே வந்த அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, விபத்துப் பதிவேட்டில் ‘கீழே விழுந்ததாகச் சொல்கிறார்’ என்று எழுதப்படாமல், யார், எதனால், எங்கே அடித்தார்கள் என்று அவர் சொன்னதை எழுத வைப்பது. உள்ளங்காலில் விழுந்த அடியின் வீக்கம் சில நாள்களில் வடிந்துவிடும். அந்தத் தாள் வடியாது. மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்க ஓராண்டுதான் காலம் என்பதை நினைவில் வைத்திருப்பதும் தன்னார்வலரின் வேலையே. பயத்தில் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு ஓராண்டு எப்படிப் போயிற்று என்றே தெரியாது.

இவ்வளவுக்கும் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் வாச்சாத்தியைச் சொல்வேன். சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்த ஊருக்குள் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி நுழைந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலரைக் கைது செய்து அடைத்தது நம் சேலம் மத்திய சிறையில்தான். ஏற்காட்டில் இருக்கும் அதே மலையாளிப் பழங்குடி மக்கள். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்து, 269 பேர் மீது வழக்கு நடந்து, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்து போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று, நேரில் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அந்தத் தீர்ப்பை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டார். மொத்தம் 31 ஆண்டுகள். இடையில் எத்தனை வாய்தா, எத்தனை பேருந்துப் பயணம், அரூரிலும் தருமபுரியிலும் சென்னையிலும் எத்தனை பகல்கள்! அந்தப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டில் ஏறி, கடைசிவரை சொன்ன சொல்லில் நின்றார்கள். அவர்களோடு மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்களும் வழக்கறிஞர்களும் அந்த ஆண்டுகள் முழுவதும் நடந்தார்கள். தீர்ப்பைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அந்த நடையைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

புதிதாக வருகிறவர்களிடம் நான் கறாராகச் சொல்லும் ஒரு விஷயம்: கதை கேட்காதீர்கள். என்ன நடந்தது என்று அவர் ஏற்கெனவே காவலரிடம் சொல்லியிருக்கிறார், மருத்துவரிடம், நடுவரிடம், வழக்கறிஞரிடம், ஆலோசகரிடம் சொல்லியிருக்கிறார். ஆறாவதாக உங்களிடமும் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு சொல் கூடும், ஒரு சொல் குறையும், அதுவே பிறகு முரண்பாடு என்று நீதிமன்றத்தில் நீட்டப்படும். மழை வருமா, மிளகு இந்த வருஷம் எப்படி, பெரியவள் எத்தனாவது படிக்கிறாள் என்று பேசிக்கொண்டிருங்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். கேட்டதை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். படம் எடுக்காதீர்கள். முகாம் நடத்தி, பதாகையின் முன் நிறுத்தி, முகத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முகம் மங்கினாலும் அந்தச் சேலையை ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த இடத்தில் தங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. மீட்புச் செய்தி போடும்போது ஊர்ப் பெயரும், கணவர் பெயரும், பிள்ளைகளின் வயதும் சேர்ந்து வந்துவிட்டால் பெயர் போடாததில் பொருளில்லை. தங்கள் நாளிதழிலேயே சென்ற ஆண்டு அப்படி ஒன்று வந்தது. அந்தப் பெண் அதன்பின் ஒரு மாதம் சந்தைக்கு இறங்கவில்லை.

தனியாகவும் போகாதீர்கள். இருவராகப் போங்கள். இது பாதுகாப்புக்காக மட்டுமல்ல; கேட்டவை மனதில் தங்கும். தட்டச்சு செய்த காலத்தில் காதில் விழுந்ததை விரல் வழியாக வெளியேற்றிவிட முடிந்தது. இப்போது அது முடிவதில்லை. பக்கத்தில் இருந்து அதையே கேட்ட இன்னொருவரோடு ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவது எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கிறது.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். தன்னார்வலர்களுக்கு நாள் கணக்கில் வேலை பிரித்துக் கொடுக்காமல், ஒரு வழக்குக்கு இருவர் என்று பெயர் எழுதி, புலன் விசாரணை தொடங்கித் தீர்ப்புவரை அவர்களையே தொடர வைக்க வேண்டும். நம் ஊரில் சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்களில் ஒருவரும், என்னைப் போல் ஓய்வு பெற்றவர் ஒருவருமாகச் சேர்த்தால், படிப்பு முடிந்து மாணவர் வேறு ஊருக்குப் போனாலும் நூல் அறுந்துபோகாது. 2024 முதல் நடப்பில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும், எந்த எல்லையில் நடந்த குற்றமாக இருந்தாலும் அருகிலுள்ள நிலையத்தில் புகாரைப் பதிய வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. மின்னணு வழியில் சாட்சி சொல்லவும் வழி இருக்கிறது. பக்கத்து மாநிலத் தோட்டத்திலிருந்து மீட்கப்பட்டவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே போய் நிற்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை. ஆனால் யாராவது மனு எழுதிக் கேட்டால்தான் இவை நடக்கும். கேட்கும் ஆள் தொடர்ந்து ஒருவராக இருந்தால்தான் எதைக் கேட்டோம், எது வந்தது என்று தெரியும்.

என் தெருவிலிருந்து வந்த மூவரில் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாமவர் தனக்கு அவ்வளவு காலம் ஒதுக்க முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். அவரிடம் வழக்குக் கட்டுகளை நகல் எடுக்கும் செலவை ஏற்கச் சொல்லியிருக்கிறேன், சம்மதித்தார். அடுத்த மாதம் வரவிருக்கும் வழக்கு ஒன்றில் சாட்சிகள் ஒடிசாவைச் சேர்ந்தவர்கள். அவர்களோடு காலை முதல் மாலைவரை உட்கார்ந்து பேச, ஒடியா தெரிந்த பெண் ஒருவர் சேலத்திலோ சுற்றுவட்டாரத்திலோ இருந்தால், அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுக்குமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
அஸ்தம்பட்டி, சேலம்.